சாரத்தில் நிற்பவருக்கு யார் பொறுப்பு?

கூடலூரில் எங்கள் தெருவில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆடி மாதம். லோயர்கேம்ப் மலையிடுக்கு வழியாக இறங்கி வரும் காற்று இந்தப் பள்ளத்தாக்கை என்ன பாடு படுத்தும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மாடியின் வெளிப்பூச்சுக்குச் சவுக்குக் கட்டையில் சாரம் கட்டியிருந்தது. கொத்தனாருக்குக் கலவைச் சட்டியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நிமிந்தாள், கயிறு தளர்ந்த பலகையோடு சேர்ந்து கீழே வந்தார். முதலில் கம்பம் ஆஸ்பத்திரிக்கும், பிறகு தேனி தாண்டி கானாவிலக்குப் பெரியாஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தார். இடுப்பெலும்பு முறிந்தவர் மறுபடி சாரம் ஏறவில்லை.

மூன்றாவது வாரம் அந்த வீட்டுத் திண்ணையிலேயே பேச்சுவார்த்தை நடந்தது. வீட்டுக்காரர், மேஸ்திரி, அடிபட்டவரின் மச்சினன், தெருப் பெரியவர்கள் இரண்டு பேர். "ஆளைக் கூட்டிட்டு வந்தது நீங்கதானே மேஸ்திரி" என்றார் வீட்டுக்காரர். "நான் ஸ்கொயர் ஃபீட்டுக்கு இவ்வளவுன்னு கூலிக்கு வேலை பாக்குறவன், வீடு உங்க வீடுதானேண்ணே" என்றார் மேஸ்திரி. ஆள் முந்தின ராத்திரி குடித்திருந்தார் என்று ஒருவர் மெல்லச் சொன்னார். மச்சினன் தலை குனிந்துகொண்டார். கடைசியில் ஆஸ்பத்திரிச் செலவுபோக ஒரு தொகைக்கு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டுக்காரர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்தார். மேஸ்திரி தனக்கு வரவேண்டிய பாக்கியில் பாதியை விட்டுக்கொடுத்தார். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆளுக்குக் கொஞ்சம் இழந்து நியாயத்தை முடித்துவிட்டதாகவே எல்லோரும் நம்பினார்கள்.

அந்தத் திண்ணையில் இரண்டு கேள்விகளை மட்டும் யாரும் கேட்கவில்லை. இப்படி ஒன்று நடந்தால் யார் எவ்வளவு தரவேண்டும் என்று சட்டத்தில் கணக்கு இருக்கிறதா? அந்தப் பணத்தைக் கொடுக்க ஒரு காப்பீடு இருக்கிறதா என்று, வீடு கட்ட அனுமதி கொடுத்தபோது யாராவது கேட்டார்களா? முதல் கேள்விக்குப் பதில் 100 ஆண்டுகளாக இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குத் தமிழ்நாட்டில் இன்றைக்கும் பதில், இல்லை.

அனுமதியிலிருந்தே தொடங்கலாம். இன்று கூடலூர் நகராட்சி எல்லைக்குள் வீடு கட்டுகிறவர் பின்பற்றவேண்டியது, 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். பத்திரம், பட்டா, பதிவு பெற்ற பொறியாளர் வரைந்த பிளான், மனையின் புகைப்படம் எல்லாவற்றையும் ஒற்றைச்சாளர இணையதளத்தில் ஏற்றவேண்டும். 2024 ஜூலை 22 அன்று சுயசான்று முறையும் வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ என்றால், யாரும் இடத்தை வந்து பார்க்காமலே கட்டணத்தைக் கட்டிய உடனே அனுமதி கையில் வந்துவிடும். கூடலூரில் எழும்பும் வீடுகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள் அடங்கிவிடும். ஒரு பிளானுக்காக மாதக்கணக்கில் அலைந்த காலத்தைப் பார்த்தவன் நான். இந்த மாற்றத்தை மனதார வரவேற்கிறேன்.

விதிகள் எதையெல்லாம் கேட்கின்றன என்று பாருங்கள். பக்கத்து மனைக்கு எத்தனை அடி விடவேண்டும், மழைநீர் சேமிப்புக் குழி எங்கே வரும், 11 கிலோவோல்ட் மின்கம்பியிலிருந்து கட்டடம் மேல்வாக்கில் 3.7 மீட்டரும் பக்கவாட்டில் 1.2 மீட்டரும் தள்ளி இருக்கிறதா, வண்டி நிறுத்த இடம் உண்டா. எல்லாம் கட்டி முடித்த வீட்டைப் பற்றிய கேள்விகள். வீடு எழும்பும் அந்த 8 மாதமோ ஒரு வருடமோ அங்கே ஏறி இறங்குகிற மனிதர்களைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. யார் கட்டப்போகிறார் என்பதுகூட சாதாரண வீட்டுக்கு முக்கியமில்லை. பிளானில் கையெழுத்துப் போட்ட பொறியாளரின் பெயர் இருக்கும். கட்டப்போகிற மேஸ்திரியின் பெயர் எங்கேயும் இருக்காது. 2019 விதிகளின்படி, 12 மீட்டர் உயரத்துக்குள், 3 குடியிருப்புக்கு மிகாத அல்லது 750 சதுர மீட்டருக்கு மிகாத வீடுகளுக்குக் கட்டி முடித்த சான்றும் தேவையில்லை. அந்தச் சலுகை பின்னர் இன்னும் விரிந்தது. அதனால் அனுமதி வாங்கும் அந்த ஒரு வேளைதான் அரசும் வீட்டுக்காரரும் நேருக்கு நேர் சந்திக்கிற ஒரே இடம்.

அந்த ஒரு வேளையில் தொழிலாளர் பெயரால் ஒன்று மட்டும் வசூலாகிறது. கட்டுமான மதிப்பில் 1 சதவீதம், தொழிலாளர் நலநிதிக்கு. மதிப்பு 20 லட்சம் என்றால் 20,000 ரூபாய். தமிழ்நாடு இதில் முன்னோடி என்பதைச் சொல்லியாக வேண்டும். 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், அதன்கீழ் 1994 நவம்பரில் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நலவாரியமும், 1996இல் மத்திய அரசு இதற்கென்று சட்டம் கொண்டுவருவதற்கு முன்பே இங்கே வந்துவிட்டவை. தொடக்கத்தில் வசூல் 0.3 சதவீதமாக இருந்தது. அந்த நிதியிலிருந்து பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, ஓய்வூதியம், ஈமச்சடங்கு என்று பல உதவிகள் கிடைக்கின்றன. வேலை செய்யும் இடத்திலேயே விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்குத் தரும் உதவி, வாரியத்தில் பதிவு செய்யாதவருக்கும் உண்டு என்று விரிந்தது பெரிய விஷயம்.

ஆனால் 1 சதவீதம் கட்டிய ரசீதைக் காட்டி, "நாங்கதான் லேபருக்குப் பணம் கட்டிட்டோமே, இன்சூரன்ஸ் அதுலயே வந்துரும்ல" என்று கேட்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வராது. அந்தப் பணம் மாநிலம் முழுக்க உள்ள தொழிலாளர்களுக்கான பொதுநிதி. உங்கள் வீட்டுச் சாரத்தில் நிற்கிறவருக்கு நீங்கள் தரவேண்டிய சட்டபூர்வ இழப்பீட்டை அது ஏற்றுக்கொள்வதில்லை. வாரியம் தருவது உதவி. இழப்பீடு என்பது உரிமை, அதன் கணக்கே வேறு. இப்படி வசூலான பணம் நாடு முழுவதும் எப்படிச் செலவாகாமல் கிடந்தது என்பதை 2018 மார்ச் 19 அன்று உச்சநீதிமன்றம் மிகக் கடுமையான வார்த்தைகளில் எழுதியது.

இழப்பீட்டுச் சட்டம் 1923இல் வந்தது, 1924 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. இந்த ஊர்க்காரனாக அந்த ஆண்டைப் பார்க்கும்போது எனக்கு முல்லைப் பெரியாறு நினைவுக்கு வரும். அணை வேலை 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. காய்ச்சலிலும் வெள்ளத்திலும் விபத்திலும் மாண்ட கூலியாட்கள் ஏராளம். அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்கு லோயர்கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது, தைப்பொங்கலன்று நன்றியோடு பொங்கல் வைக்கிறோம். அந்த அணையில் கல் சுமந்து செத்தவர்களின் பெண்டாட்டி பிள்ளைகள் தொழிலாளர் இழப்பீடு என்று கேட்பதற்கு அன்று ஒரு சட்டமும் இல்லை. அவர்கள் காலத்துக்குப் பின் வந்தது இந்தச் சட்டம்.

இதன் விதிகளைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். கட்டட வேலையில் யார் இதன்கீழ் வருவார் என்று ஒரு பட்டியல் உண்டு. ஒரு மாடிக்கு மேற்பட்ட, அல்லது தரையிலிருந்து கூரை உச்சிவரை 12 அடியோ அதற்கு மேலோ உள்ள கட்டடத்தைக் கட்டுவதோ பழுது பார்ப்பதோ இடிப்பதோ இதில் அடங்கும். படிக்கட்டுக்கு மேல் அறை எழுப்பிய எந்தத் தார்சு வீடும் இந்த 12 அடியைத் தாண்டிவிடும். முன்பு, தற்காலிகமாக வந்து, முதலாளியின் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை பார்ப்பவர் தொழிலாளியாகக் கருதப்பட மாட்டார் என்று ஒரு விலக்கு இருந்தது. வீடு கட்டுபவருக்கு அதுதான் கேடயம். 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது நீக்கப்பட்டது. ஆக, கொத்தனாரையும் சித்தாளையும் நேரடியாகக் கூப்பிட்டுச் சனிக்கிழமை தானே கூலி கொடுக்கிற வீட்டுக்காரர் சட்டத்தின் கண்ணில் முதலாளி ஆகிவிடக்கூடும்.

தொகை எவ்வளவு? 2020 ஜனவரி அறிவிக்கையின்படி கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதக் கூலியின் உச்சவரம்பு 15,000 ரூபாய். 35 வயதுக்காரர் இறந்தால், அதில் பாதியான 7,500ஐ அந்த வயதுக்குரிய 197.06 என்ற எண்ணால் பெருக்கவேண்டும். 14,77,950 ரூபாய். எங்கள் தெரு நிமிந்தாளுக்கு 40 வயது. நிரந்தர ஊனத்துக்குக் கூலியில் 60 சதவீதம், அவர் வயதுக்கு 184.17. முழு ஊனமென்றால் 16,57,530. சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போயிற்று என்று மருத்துவர் மதிப்பிட்டால்கூட 6,63,012. திண்ணையில் எழுதிக் கொடுத்த தொகையை இங்கே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட அது இல்லை.

அந்த வெள்ளைத்தாளுக்கும் மதிப்பில்லை. மரணம் நேர்ந்தால் இழப்பீட்டை இழப்பீட்டு ஆணையரிடம் டெபாசிட் செய்தால்தான் கொடுத்ததாகக் கணக்கு. குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது சட்டத்தின் பார்வையில் இழப்பீடே ஆகாது. காயத்துக்குச் செய்துகொள்ளும் சமரசத்தையும் ஆணையரிடம் பதியவேண்டும். 2 ஆண்டுகளுக்குள் மனுப் போடலாம். அதாவது சங்கிலியை அடகு வைத்துப் பணம் கொடுத்த வீட்டுக்காரருக்கும் அந்தத் தாள் பாதுகாப்புத் தரவில்லை, வாங்கிக்கொண்டு போனவருக்கும் நியாயம் செய்யவில்லை. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, காரணமில்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதம். குடித்திருந்தார் என்ற பேச்சும் மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் எடுபடாது. "எனக்கு ஏதாவது ஆனால் நானே பொறுப்பு" என்று முன்கூட்டியே எழுதி வாங்கினாலும் செல்லாது.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடுகள் அதன் 7ஆம் அத்தியாயத்துக்குள் போயிருக்கின்றன. இழப்பீட்டுக் கணக்கின் அடிப்படை மாறவில்லை. அதே தொகுப்பில் இன்னொரு மாற்றம் உண்டு. சொந்தக் குடியிருப்புக்காகக் கட்டும் வீட்டை மத்தியச் சட்டத்தின் கட்டுமான வரையறையிலிருந்து விலக்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 50 லட்சமாக உயர்ந்திருக்கிறது. சின்ன வீடுகளைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் பணியிடப் பாதுகாப்பு, நலநிதி என்று பேசுகிற சட்டங்களின் பார்வையிலிருந்து சின்ன வீடு ஒவ்வொரு முறையும் இப்படித்தான் நழுவிப்போகிறது. சாரம் 50 லட்சத்துக்குக் கீழே உள்ள வீட்டிலும் அதே உயரம்தான்.

இவ்வளவு கணக்குச் சொல்லும் சட்டம், அந்தப் பணத்துக்குக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்று சின்ன முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. சாலையில் ஓடும் ஒரு மொபெட்டுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், இல்லாவிட்டால் அபராதம். 20 பேர் ஏறி இறங்கும் கட்டடத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

ஒப்பந்தக்காரர் எடுக்கட்டும் என்றால், யார் ஒப்பந்தக்காரர் என்பதே எங்கள் ஊரில் சிக்கலான கேள்வி. வீடு கட்டுவதில் மூன்று வழக்கம் உண்டு. ஒன்று, சாமான் முழுவதும் வீட்டுக்காரர் வாங்கிப்போட்டு, தினக்கூலிக்கு ஆள் வைப்பது. மேஸ்திரியும் அங்கே கூலியாள்தான், என்ன, 100, 200 ரூபாய் கூடுதல். இரண்டு, லேபர் கான்ட்ராக்ட். சிமென்ட்டும் எம் சாண்டும் கம்பியும் வீட்டுக்காரருடையது, சதுர அடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரி பேசிக்கொள்வார். பேஸ்மட்டத்துக்கு ஒரு தவணை, லின்டலுக்கு ஒன்று, தளம் போட்டால் ஒன்று. மூன்று, சாமானோடு சேர்த்துக் கொத்தாக விடுவது. சாவியை வாங்கிக்கொண்டு பால் காய்ச்சவேண்டியதுதான். இந்த மூன்றாவது வகையில்தான் இன்ஜினியர் அலுவலகம், முத்திரைத்தாள் ஒப்பந்தம், ஜிஎஸ்டி எண் எல்லாம் வரும். கூடலூரிலும் சுருளிப்பட்டியிலும் கம்பத்துச் சந்துகளிலும் அதிகம் நடப்பது முதல் இரண்டும்தான். அதிலும் வேலைக்குள் வேலையாகச் சென்ட்ரிங் ஒருவருக்கு, கம்பி கட்டுவது இன்னொருவருக்கு, எலக்ட்ரிக்கல் வேறொருவருக்கு என்று பிரிந்துபோகும். கான்கிரீட் போடும் அன்றைக்கு வரும் மிக்சர் கோஷ்டியை மேஸ்திரிக்கே முகம் தெரியாது.

தளம் போடும் நாளை ஒரு தடவை நின்று கவனித்துப் பாருங்கள். விடிகாலையிலேயே மிக்சர் வந்துவிடும். மேலே சென்ட்ரிங் பலகையின் மீது கம்பிப் பின்னல். ஓரத்தில் கைப்பிடி கிடையாது. ஜல்லிச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகும். சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்ட பெண்கள் ஏணியில் பாதி உயரத்தில் நின்று வாங்கிக் கொடுப்பார்கள். காலில் ரப்பர் செருப்பு. வைப்ரேட்டருக்குப் போகிற கம்பி ஈரத்தில் கிடக்கும், அதில் ஓரிடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். வேலையை நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் தளத்தில் ஒட்டு விழும் என்று எல்லோரும் ஓடுவார்கள். கட்டடத்தின் முன்னால் திருஷ்டிப் பொம்மை தொங்கும். பயம் எல்லோருக்கும் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. மதியம் வீட்டுக்காரர் கையால் பிரியாணி. அந்த ஒரு நாளில் அந்தத் தளத்தின் மேல் நிற்கிற 20, 25 பேருக்கு முதலாளி யார் என்று கேட்டால் நான்கு விரல்கள் நான்கு பக்கம் நீளும்.

1923 சட்டத்தில் 12ஆம் பிரிவாக இருந்த ஏற்பாடு, ஒப்பந்தக்காரர் மூலம் வேலை வாங்குகிற முதன்மை முதலாளியையும் பொறுப்பாக்குகிறது. ஆனால் அந்த வேலை அவருடைய தொழிலைச் சேர்ந்ததாக இருந்தால்தான். குடியிருக்க வீடு கட்டுகிற ஆசிரியரோ திராட்சை விவசாயியோ கட்டட வியாபாரி ஆகமாட்டார். கொத்தாக விட்டிருந்தால் அவர் தப்பிக்கலாம், பொறுப்பு மேஸ்திரி தலையில் விழும். அவரிடம் என்ன இருக்கிறது? மட்டப்பலகை, தூக்குக்குண்டு, கடனில் வாங்கிய ஒரு மோட்டார் சைக்கிள். தீர்ப்பு வாங்கினாலும் வசூலிக்க எதுவும் இல்லாத இடம் அது. காப்பீட்டின் தேவை இங்கேதான் வருகிறது.

என்ன காப்பீடு கிடைக்கிறது? இரண்டு வகை. ஒன்று, ஒப்பந்தக்காரரின் அனைத்து இடர்க் காப்பீடு. கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்குத் தீ, புயல், வெள்ளம், சரிவு போன்றவற்றால் வரும் சேதத்தையும், வெளி ஆட்களுக்கும் அவர்கள் சொத்துக்கும் ஏற்படும் இழப்பையும் இது பார்த்துக்கொள்ளும். எங்கள் ஊர்ச் சந்துகளுக்கு இந்த இரண்டாவது பகுதி ரொம்ப முக்கியம். பழைய வீடுகள் பொதுச்சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. ஒன்றை இடித்து வானம் தோண்டினால் பக்கத்து வீட்டு மண்சுவர் வாய் பிளக்கும். ஆடிக் காற்றில் புதிதாக எழுப்பிய ஒற்றைச் செங்கல் சுவர் அடுத்த வீட்டுத் தகரத்தின் மேல் சாயும். ஆனால் இந்தப் பாலிசி அந்த வேலையில் இருக்கும் தொழிலாளர்களை மூன்றாம் நபராகக் கருதாது. அவர்களுக்கு இரண்டாவது வகையான தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு தனியாக எடுக்கவேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல், முதலாவதை மட்டும் எடுத்துவிட்டு எல்லாம் சரி என்று இருக்கிற இன்ஜினியர்களும் உண்டு.

தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டை நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல் ஆகிய 4 அரசு நிறுவனங்களும் தனியாரும் தருகிறார்கள். பெயர் பெயராக எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. கொத்தனார் இத்தனை, நிமிந்தாள் இத்தனை, சித்தாள் இத்தனை, மொத்தக் கூலி இவ்வளவு, காலம் இத்தனை மாதம் என்று சொன்னால் போதும். தினம் ஆள் மாறுகிற எங்கள் வேலைக்கு அது பொருந்தும். எடுக்கும்போது கவனிக்கவேண்டியவை உண்டு. ஒப்பந்தக்காரர் கூட்டிவரும் ஆட்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா, மருத்துவச் செலவு உண்டா, காட்டிய கூலி உண்மையானதா. தாமதத்துக்கான வட்டி, பாலிசியில் விலக்கப்பட்டிருந்தால் நிறுவனம் தராது என்று 2006இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் விபத்து நடந்தால் அன்றே தகவல் கொடுத்துவிடவேண்டும்.

வங்கி எடுக்கச் சொல்லும் வீட்டுக்கடன் காப்பீட்டை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கடன்காரரின் உயிரையும் கட்டிய வீட்டையும் காக்கும், சித்தாளைக் காக்காது. ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமர் விபத்துக் காப்பீடு இருக்கிறது, விபத்து மரணத்துக்கு 2 லட்சம். வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் வங்கிக் கணக்கில் அதை வைத்திருப்பது நல்லது. முதலாளியின் பொறுப்பை அது குறைக்காது.

அனுமதிக்கும் காப்பீட்டுக்கும் முடிச்சுப் போட்ட இடங்கள் இருக்கின்றன. தூரத்தில் தேடவேண்டாம். அன்றைய ஆந்திரத்தில் 2012 ஏப்ரலில் கட்டட விதிகள் புதிதாக வந்தபின், ஹைதராபாத் மாநகராட்சியின் கட்டட அனுமதி ஆணையில், ஒப்பந்தக்காரரின் அனைத்து இடர்ப் பாலிசி எண், தேதி, எதுவரை செல்லும் என்பதற்குத் தனி வரிகளே இடம்பெற்றன. நம் நாட்டிலேயே, இதே வகைக் கொத்தனார்களைக் கொண்டு கட்டுகிற ஊரில் நடந்திருக்கிறது என்பதுதான் இதில் எனக்கு முக்கியம். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டம், கட்டட அனுமதி கேட்கிறவர் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டின் விவரத்தைத் தரவேண்டும், அல்லது அப்படி யாரையும் வேலைக்கு வைக்கமாட்டேன் என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போடவேண்டும் என்கிறது. ஃபுளோரிடாவிலும் அனுமதி கேட்கும்போதே காப்பீட்டுச் சான்றைக் காட்டவேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 20,000 டாலருக்கு மேற்பட்ட வீட்டு வேலைக்கு, கட்டுநர் காப்பீடு எடுக்காமல் முன்பணமே வாங்க முடியாது. பிரான்ஸ் 1978இல் கொண்டுவந்த சட்டம் கட்டுநரை 10 ஆண்டுகளுக்குப் பொறுப்பாக்கி, அதற்குக் காப்பீட்டையும் கட்டாயமாக்கியது. சிங்கப்பூர் போய் வேலை பார்த்துவிட்டு வந்த நம் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். அங்கே உடலுழைப்பு வேலையில் இருப்பவர்களுக்கு முதலாளி இழப்பீட்டுக் காப்பீடு எடுப்பது கட்டாயம். அதே பிள்ளை ஊருக்குத் திரும்பிச் சேர்த்த காசில் வீடு கட்டும்போது, தனக்கு அங்கே கிடைத்ததைத் தன் சாரத்தில் நிற்பவருக்குக் கொடுக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. யாரும் கேட்காததால் தோன்றவில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு உரக்க எழுந்திருக்கவேண்டிய தருணம் ஒன்று வந்தது. 2014 ஜூன் 28 மாலை, சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருந்த தொழிலாளர் குடும்பங்கள் அதிகம். நீதிபதி ரகுபதி ஆணையம் அமைந்தது, பக்கத்திலிருந்த இன்னொரு கோபுரம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதே 2016இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், 5 ஆண்டுக் கட்டமைப்புப் பொறுப்பு, திட்டத்துக்குக் காப்பீடு என்று அடுக்குமாடி வாங்குகிறவருக்குச் சில காவல்களைத் தந்தது. 500 சதுர மீட்டருக்கோ 8 குடியிருப்புக்கோ உட்பட்ட திட்டங்கள் அதில் வராது. சொந்த மனையில் எழும்பும் வீடு அந்தச் சட்டத்தின் வாசலுக்கே போகாது. பெரிய விபத்து செய்தி ஆகிறது, சட்டம் ஆகிறது. ஒற்றை ஒற்றையாய் விழுகிறவர்கள் திண்ணைகளில் முடிந்துபோகிறார்கள்.

எனக்கு இதில் ஒரு உறுதியான கருத்து இருக்கிறது. வீட்டு அனுமதியோடு தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு கட்டாயமாகவேண்டும். ஆனால் வெளிநாட்டு முறையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, பாலிசி வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர்தான் கட்டலாம் என்று சொன்னால் முதலில் அடிபடுபவர் எங்கள் மேஸ்திரி. 30 வருட அனுபவமுள்ள கொத்தனார் பெயரளவில் ஒரு ஒப்பந்தக்காரரின் லெட்டர்பேடுக்குக் கமிஷன் கொடுத்து நிற்பார். பாலிசி எண் வெறும் சீட்டாகும். சீட்டு வாங்கித் தரவென்று ஒரு கூட்டம் நகராட்சி வாசலில் உட்காரும்.

அதனால் பாலிசி ஆளின் பெயரில் இருப்பதைவிட அந்த வீட்டின் பெயரில் இருக்கவேண்டும். எடுப்பவர் வீட்டுக்காரர். ஒற்றைச்சாளர இணையதளத்தில் 1 சதவீதத்தைக் கட்டுகிற அதே இடத்தில், அதே நிமிடத்தில், அதற்கும் ஒரு வரி. சதுர அடியையும் மாடியையும் வைத்துப் பிரீமியம் தானே கணக்காகட்டும், 18 மாதம் செல்லட்டும், வேலை இழுத்தால் நீட்டிக்கட்டும். அந்த மனையில் வேலை பார்க்கும் எவரும், கூலிக்கு வந்தவரோ லேபர் கான்ட்ராக்டில் வந்தவரோ பீகாரிலிருந்து வந்தவரோ, பெயர் சொல்லாமலே அடக்கம். மேஸ்திரியும் கூட. அவரும் சாரத்தில்தான் நிற்கிறார். சுயசான்று முறை இதற்குத் தடை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது வாய்ப்பாகத்தான் தெரிகிறது. எல்லாம் ஒரே கட்டணமாகப் போகிற முறையில் இன்னொரு வரியைச் சேர்ப்பதற்கு யாரும் ஆபீசுக்கு அலையவேண்டாம்.

செலவு கூடும் என்பது உண்மைதான். பூச்சு வேலை முடிப்பதற்குள் மூச்சு முட்டுகிற குடும்பங்கள் இங்கே அதிகம். அரசு தொகுப்பு வீடுகளுக்கும் சின்ன வீடுகளுக்கும் பிரீமியத்தை நலநிதியே ஏற்கலாம். அந்த நிதி எதற்காக வசூலானதோ அதற்கே போய்ச் சேரும். மற்றவர்களுக்கு இந்தச் செலவு வீட்டின் முன் வாசலுக்குத் தேக்கு நிலை போடும் செலவோடு ஒப்பிட்டால் சிறியது. நிலை வைக்கிற அன்று நவதானியமும் காசும் வைத்து மங்கலமாகத்தான் தொடங்குகிறோம். அந்த மங்கலத்தில் வேலையாட்களும் சேரட்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. அந்த நிமிந்தாள் விழுந்த அடுத்த வருடம் நான் என் வீட்டுக்கு மேலே ஒரு அறை எடுத்தேன். கம்பத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்கு மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போனேன். சொந்த வீட்டுக்கு இப்படிக் கேட்டு யாரும் வந்ததில்லை என்று அங்கிருந்தவர் படிவத்தைத் தேடி எடுத்தார். எத்தனை பேர், என்ன கூலி, எத்தனை மாதம் என்று கேட்டதற்கெல்லாம் மேஸ்திரியே பதில் சொன்னார். என்னை விட அவருக்குத்தான் கணக்குத் தெரியும். சித்தாள்களைச் சேர்த்தாச்சா என்று இரண்டு தடவை கேட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் எதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவருடைய சின்ன டைரியைப் பார்த்தேன். சிமென்ட் மூட்டைக் கணக்குக்கும் சனிக்கிழமைப் பட்டுவாடாவுக்கும் மேலே, முதல் பக்கத்தில், பாலிசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.